முதியோர் இல்லத்தில் பண்டிகைகள் நிஜமாகவே நடக்குமா, அம்மா அங்கே ஒட்டுவாரா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். அம்மாவுக்கு 76 வயது, அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. கோவைப் பக்கம் ஒரு கட்டண இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். பொங்கல், நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்கக் கொண்டாடுவதாக அவர்கள் படம் போட்டிருக்கிறார்கள். அது நிஜமா, படத்துக்காகவா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். அம்மா அங்கே ஒரு ஆளாக இருப்பாரா, இல்லை யாரோ நடத்தும் விழாவில் முன்வரிசையில் உட்காரவைக்கப்படுவாரா என்பதுதான் உங்கள் கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் சமூகப்பணி படித்தவன். அறக்கட்டளை நடத்தும் இல்லங்களிலும் கட்டண இல்லங்களிலும் பல வருடங்களாக முதியோர்களோடு வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. தனி வீடு வாங்கிக் குடியேறும் ஓய்வுக்கால குடியிருப்புகள் வேறு உலகம், அவற்றுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது: பண்டிகைகள் நடக்கும். ஏறக்குறைய எல்லா இல்லங்களிலும் நடக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் படங்களை வைத்து இல்லத்தை எடை போட முடியாது. பொங்கல் அன்றைக்கு எல்லா இல்லத்திலும் கரும்பு இருக்கும், பானை இருக்கும், புதுப்புடவை கட்டிய அம்மாக்கள் இருப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வாரத்தை. மொச்சையை யார் உரித்தார்கள்? காப்புக் கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டியது யார்? கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று முடிவு செய்தது யார்? இதையெல்லாம் ஊழியர்களே செய்துவிட்டு, பொங்கி வரும் நேரத்துக்கு எல்லோரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கைதட்டச் சொன்னால், உங்கள் அம்மா அங்கே பார்வையாளர். விழா அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயத்த வேலை பத்து நாள் ஓடும். பேச்சு, சண்டை, சிநேகம் எல்லாம் நடப்பது அந்தப் பத்து நாளில்தான்.

ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து, பருப்பு வழுக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தில் விழும். மூட்டுவலி இருக்கும் விரலுக்குக்கூட இது முடியும். கண் சரியாகத் தெரியாதவர்களும் தடவியே செய்வார்கள். நான் வேலை செய்த ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி, இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரோடும் பேசமாட்டார். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு ஊழியர் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவர், "டீச்சர், நீங்க தோலோட போடறீங்க" என்றார். இவர், "எங்க பக்கம் தோலோடதான் குழம்பு வைப்போம்" என்றார். அதிலிருந்து எந்த ஊர், எந்தக் குழம்பு, யார் வீட்டு மாமியார் எப்படி என்று சாப்பாட்டு மணி அடிக்கும் வரை பேச்சு நிற்கவில்லை. கூட்டம் போட்டு, எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே இல்லத்துக்குப் போனால் சமையலறைப் பக்கம் இருப்பவர்களை விடுகிறார்களா என்று கேளுங்கள். பல இல்லங்கள் விடுவதில்லை. வழுக்கும், சுடும், கத்தி இருக்கும் என்பார்கள். பயம் நியாயமானதுதான், இந்த வயதில் ஒரு இடுப்பெலும்பு முறிவு ஆளையே படுக்கையில் போட்டுவிடும். ஆனால் அடுப்படிக்குள் போகாமலேயே வேலை இருக்கிறது. முருங்கைக்கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, வாழைநாரில் பூக் கட்டுவது, விளக்குத் திரி திரிப்பது எல்லாம் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆகும். கொஞ்சம் மெனக்கெட்டு அதைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவரும் இல்லம் நல்ல இல்லம்.

பண்டிகை இல்லாத பருவத்தைப் பற்றியும் கேளுங்கள். என் அனுபவத்தில் சித்திரை, வைகாசிதான் வேலைக்கு வளமான காலம். வடாம் பிழிவது, மோர்மிளகாய் ஊறவைத்துக் காயவைப்பது, மாங்காய் ஊறுகாய். வெயிலில் நிற்க முடியாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காக்கை வராமல் நிழலில் உட்கார்ந்து காவல் காப்பது ஒரு முழுநேர உத்தியோகம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் கையில் கோலை வைத்துக்கொண்டு, "வடாத்தை எடுக்கச் சொல்லு, காஞ்சுருச்சு" என்று அதிகாரம் பண்ணுவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதே சமயம், மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் நேரத்தை மாற்ற வேண்டும். காலை ஒன்பதுக்குள் ஒரு பங்கு, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு பங்கு. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் நீர் இன்னும் வேகமாகக் குறையும். அதனால் கேட்டால் கொடுப்போம் என்று இருக்கக்கூடாது. பதினோரு மணிக்கு நீர்மோர் என்றால் பதினோரு மணிக்கு எல்லோர் கைக்கும் போக வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன கணக்கு.

கஷ்டமான காலம் ஐப்பசி, கார்த்திகை. மழை, வழுக்கல், மூட்டுவலி, மின்வெட்டு. தோட்டத்துக்குப் போக முடியாது, ஆட்கள் அறைக்குள்ளேயே அடைந்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் தீபாவளியும் வரும். பாதிப் பேரைப் பிள்ளைகள் வந்து அழைத்துப் போவார்கள், மீதிப் பேர் இருப்பார்கள். அந்த மீதிப் பேருக்கு அந்த மூன்று நாள் எப்படிப் போகிறது என்பதை இல்லத்தில் நேராகக் கேளுங்கள். ஊழியர்களும் லீவில் போய்விடுவார்கள், ஆள் குறைவாக இருக்கும், அதனால் எண்ணெய்க் குளியல் அவசர அவசரமாக நடக்கும். எண்ணெய் வழிந்த குளியலறைத் தரையில் நடக்கும் விழுதல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் உச்சியில் இரண்டு சொட்டு வைத்துவிட்டு, தலைக்கு முந்தின நாளே ஊற்றிவிடச் சொல்கிறேன். கார்த்திகைக்கு அகல் ஏற்றுவது அழகுதான், ஆனால் பாதிப் பேர் உடுத்துவது தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் நைலக்ஸ் புடவை, பாலியெஸ்டர் நைட்டி. மணல் பரப்பிய தட்டில், இடுப்பு உயர மேசையில் விளக்கை வைத்தால் குனியவும் வேண்டாம், முந்தானையும் படாது. ஆக்ஸிஜன் கருவி ஓடும் அறையில் மட்டும் விளக்கு கூடவே கூடாது, யார் எவ்வளவு கெஞ்சினாலும்.

நவராத்திரியைப் பற்றி விளம்பரத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. இல்லத்தில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். கொலு வைக்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், கடைசியில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கும் நேரம் வருகிறது. கொடுப்பவர் வெளியிலிருந்து வந்த ஒரு விருந்தினராக இருந்தால், தட்டோடு வரிசையில் வந்து, ஒருவருக்குக் கொடுத்து, அடுத்தவர் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார். அவருக்கு அது பழக்கம், மனதில் ஒன்றும் இருக்காது. தாண்டப்பட்டவர் அன்றைக்கு இரவு சாப்பிட வரமாட்டார். இதை நான் எத்தனையோ முறை பார்த்து மனசு நொந்திருக்கிறேன். சில இல்லங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பை, அதில் பழம், பூ, ஒரு சின்ன கண்ணாடி அல்லது டப்பா, வாசலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். குங்குமம் தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. முற்போக்கு என்று சொல்லி எல்லோர் நெற்றியிலும் குங்குமத்தை வைத்துவிடுவதும் தப்புதான். ஐம்பது வருடமாகத் தொடாத ஒருவருக்கு அது நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத சங்கடம். எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டமாக இருக்க வேண்டும். உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் சேர்ப்பதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டுக்கொண்டு, இல்லத்தில் சொல்லிவிடுங்கள். சுண்டலையும் மறக்க வேண்டாம். பல்செட் உள்ளவருக்கும், விழுங்கச் சிரமப்படுபவருக்கும் முழுக் கொண்டைக்கடலை தொண்டையில் அடைக்கும். பாசிப்பருப்புச் சுண்டலைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம், விழுங்கவே சிரமம் என்றால் மசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வெளியிலிருந்து வருபவர்கள். நம் ஊர் இல்லங்களின் சமூக வாழ்க்கையில் பெரும்பங்கு இவர்கள்தான். அமாவாசைக்கு, அப்பா திதிக்கு, குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுபவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல அறக்கட்டளை இல்லங்களில் அடுப்பு எரியாது, அதனால் நன்றியோடுதான் பேச வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசையில் யார் சாப்பாடு போடுவது என்று போட்டி இருக்கும். அக்டோபர் 1, உலக முதியோர் நாள், அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டி வருவார்கள். அடுத்த வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் தெரியாத ஒருவருக்காகக் கண்மூடி வேண்டிக்கொள்ளச் சொல்வதும், இலையோடு சேர்த்துப் படம் எடுப்பதும் நடக்கும். உங்கள் அம்மாவைப் படம் எடுக்க அனுமதி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் கொடுங்கள். மறுப்பது உங்கள் உரிமை, அதைவிட முக்கியமாக அம்மாவின் உரிமை.

இந்த விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு என் வேலையையே மாற்றியது. 1970களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர், இல்லத்தில் இருக்கும் முதியோரைக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தார். சிலருக்கு மாணவர் எப்போது வருவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். சிலருக்கு எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரியும். சிலருக்கு எதுவும் தெரியாது, திடீரென்று வருவார். 1976இல் வந்த முடிவில், முதல் இரண்டு குழுவும் நன்றாக இருந்தன. ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவதும் நின்றது. பிறகு தொடர்ந்து கவனித்தபோது, நன்றாக இருந்த அந்த இரண்டு குழுவினர்தான் அதிகமாகச் சரிந்திருந்தார்கள். அதே 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் கனெக்டிகட்டில் ஓர் இல்லத்தில் ஒரு தளத்தினருக்குச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், சின்னச் சின்ன முடிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில் செடியைக் கொடுத்து, ஊழியர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். முதல் தளத்தினர் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து முதல் தளத்தில் இறப்பும் குறைவு என்று எழுதினார்கள். அந்தச் செய்தியைத்தான் எல்லோரும் மேடையில் சொல்வார்கள், ஆனால் அந்தப் புள்ளிவிவரத்துக்குப் பிற்பாடு திருத்தம் வெளியானது, முதலில் சொன்ன அளவு உறுதி அதற்கு இல்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள், வேறு நாடு, வேறு காலம். ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு வருவதும், வருவதாகச் சொன்னால் வருவதும், திடீரென்று நிறுத்தாமல் இருப்பதும் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆய்வு இல்லாமலேயே கண்ணால் பார்த்தது அது. இது தானதர்மம் செய்ய வருபவர்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். மாதத்தில் எந்த ஞாயிறு வருவீர்கள், எந்த நேரம் போன் செய்வீர்கள் என்பதை அம்மாவிடம் சொல்லி, அதை மாற்றாதீர்கள்.

சாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் சமூக வாழ்க்கை என்று சொல்வதில் பாதி விட்டுப்போகும். இல்லத்தில் இருப்பவர்கள் இறப்பார்கள், சில சமயம் பண்டிகைக்கு முந்தின நாளே. பல இல்லங்கள் அதை மறைக்கும். ராத்திரியோடு ராத்திரியாகப் பின்வாசல் வழியாக வண்டி போய்விடும். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடும், கேட்க மட்டும் மாட்டார்கள். அப்புறம் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலும் மற்றவர்களுக்குப் பயம். நான் மதிக்கும் இல்லங்களில் காலையிலேயே சொல்லிவிடுகிறார்கள். கூடத்தில் ஒரு விளக்கு, மாலை போட்ட படம், விருப்பப்பட்டவர் வந்து உட்காரலாம். பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் இருந்தவர் போனால், இவருக்கு அந்த வருடம் தீபாவளிக்குப் புதுப்புடவை வேண்டாம் என்று தோன்றும். ரத்த உறவு இல்லையே, உங்களுக்கு எதற்கு என்று ஊழியர் சொல்லக்கூடாது. உங்கள் இல்லத்தில் இது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் எனக்கு அந்த இல்லத்தின் மேல் நம்பிக்கை வராது.

பார்க்கப் போவதென்றால் செவ்வாய், புதன் மாதிரி சாதாரண நாளில், மதியம் மூன்றரை மணிக்குப் போங்கள். காபி வரும் நேரம். எல்லோரும் டிவியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா, நாலு பேர் சேர்ந்து பேசுகிறார்களா, ஊழியர் பெயர் சொல்லியோ அவர் விரும்பும் முறை சொல்லியோ கூப்பிடுகிறாரா, எல்லோரும் பொத்தாம்பொதுவாகப் பாட்டியா என்று கவனியுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பண்டிகை எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். நல்ல இடத்தில் அவர்கள் அறைக்கே கோலப்பொடியும் கரும்புத் துண்டும் போகும். யாராவது அறையிலேயே இருக்க விரும்பினால் விடுகிறார்களா என்றும் பாருங்கள். எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும் என்று இழுப்பதும் ஒரு கொடுமைதான். சேர்ந்த பிறகு அம்மாவுக்கோ வேறு யாருக்கோ அவமரியாதையோ அலட்சியமோ நடக்கிறது என்று தெரிந்தால், 14567 என்பது முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒட்டுவாரா என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. வாயாடிகள் என்று நினைத்தவர்கள் வந்து சுருண்டுபோனதும் உண்டு, வீட்டில் வாயே திறக்காதவர்கள் இங்கே வந்து கொலுவுக்குத் தலைமை தாங்கியதும் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதம் அழுகை, கோபம், கூட்டிட்டுப் போ என்பது சாதாரணம், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சாப்பாடு குறைந்தாலோ தூக்கம் கெட்டாலோ எடை இறங்கினாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள், அது வெறும் ஏக்கமாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். எப்போது சேர்ப்பது என்பது உங்கள் கையில் இருந்தால், மழைக்காலத்தில் வேண்டாம், தைக்குப் பிறகோ சித்திரையிலோ சேருங்கள் என்பேன். இது என் அபிப்பிராயம், ஆராய்ச்சி முடிவு இல்லை. முதல் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூட்டி வருவதா, நீங்கள் அங்கே போவதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கூட்டி வந்தால் திரும்பக் கொண்டுவிடுவதை இருட்டின பிறகு செய்யாதீர்கள். காலையில் விடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், தெரிந்த முகங்களோடு பந்தியில் உட்காரும்படி.

சேர்க்கும் அன்றைக்கு மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் கொடுங்கள். அம்மாவுக்கு எந்த வேலை கைவந்தது, எந்தப் பாட்டு மனப்பாடம், எந்த ஊறுகாய் பேர்போனது, மார்கழியில் எத்தனை மணிக்கு எழுந்து கோலம் போடுவார், உங்கள் ஊர் அம்மன் நோம்பி எந்த மாதம். ஊர் நோம்பி எந்த இல்லத்துக் காலண்டரிலும் இருக்காது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். அம்மாவுக்கு மறதி நோய் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சொல்லுங்கள். சாயங்காலக் குழப்பம், பட்டாசுச் சத்தம், கூட்டம் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று தனியாக எழுதுகிறேன், அதற்கு ஏற்பாடுகள் வேறு மாதிரி செய்ய வேண்டும்.